ஒலி காட்டும் உருவங்கள் – 9: நெறி கட்டும் இடம்

தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்று பரிகாசமாகச் சொல்கிறோமே, சரீரத்தைப் பொறுத்தவரையில் அதில் பரிகாசம் ஒன்றுமில்லை என்பது, காலில் முள் குத்திச் சீழ் வைத்த இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் உருண்டையாக ஒன்று திரண்டு வலிப்பதை அனுபவித்தவர்களுக்கெல்லாம் தெரியும். ரத்தத்துக்குக் குழாய்கள் இருப்பதுபோல நிணநீருக்கும் தனி வாய்க்கால்கள் உண்டு. பாதத்திலிருந்து புறப்படுவது பெரும்பாலும் தொடையிடுக்கிலும், கையிலிருந்து புறப்படுவது அக்குளிலும் உள்ள கணுக்களில் வடிகட்டப்பட்ட பிறகே மேலே செல்கிறது. சீழ்க் கிருமிகள் போகும் அதே மார்க்கத்தில்தான், தோலுக்கு நிறமூட்டும் அணுக்களில் பிறக்கிற மெலனோமா என்ற புற்றுநோயும் பிரயாணம் செய்கிறது. ஆனால் அது கட்டும் நெறி ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

வலிக்காத நெறியைக் கண்டுபிடிப்பது எப்படி? விரலுக்குத் தட்டுப்படும்வரை காத்திருப்பதா, அல்லது சந்தேகத்தின் பேரிலேயே அவ்விடத்துக் கணுக்கள் அனைத்தையும் அறுத்தெடுப்பதா என்று வைத்தியர்கள் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதத்துக்கு ஒரு நடுவழியை, கலிபோர்னியாவைச் சேர்ந்த அறுவை நிபுணர் டொனால்டு மார்ட்டனும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்டார்கள். நோய் தோன்றிய இடத்தில் நீலச் சாயத்தை ஊசியால் செலுத்தினால், அது வாய்க்கால் வழியே ஓடி முதன்முதலாக எந்தக் கணுவை நீலமாக்குகிறதோ, அதுவே அந்தப் பிரதேசத்தின் வாசற்காவலன். அதை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும், அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடவேண்டியதில்லை.

இந்தச் சிறு கத்திகூட வேண்டாமே, ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டவர்களில் முக்கியமானவர் பெர்லின் நகரத்துத் தோல் வைத்தியர் கிறிஸ்டியானே ஃபோய்ட். தொடையிடுக்கில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை அழுத்தி நகர்த்தும்போது திரையில் தெரிகிற ஆரோக்கியமான கணு, அவரை விதையைப் போல நீண்டு, ஓரம் கறுத்து, நடுவே வெள்ளையாக இருக்கும். நோய் முற்றிய கணுவோ வெள்ளை மறைந்து, பலூனைப் போல உப்பிக் கரிய உருண்டையாகிவிடும். இவ்வளவு முற்றியதைக் காண்பதில் விசேஷமில்லை. அதற்கு முன்பே ஓர் அடையாளம் தோன்றுகிறது என்பதுதான் ஃபோய்ட் குழுவினர் வற்புறுத்திய விஷயம். நிணநீர் கணுவின் விளிம்பில் வந்து நுழைகிறதாகையால், அதில் மிதந்துவரும் புற்றணுக்களும் முதலில் விளிம்பிலேயே குடியேறுகின்றன. குடியேறியவை தமக்கு வேண்டிய ரத்தத்தை அங்கேயே வரவழைத்துக்கொள்கின்றன. எனவே, இயல்பாகக் கணுவின் நடுப்பள்ளத்தின் வழியே மட்டும் புகுந்து கிளைக்கவேண்டிய ரத்த ஓட்டம், கலர் டாப்ளரில் ஓரத்தில் சிவப்பும் நீலமுமான பொட்டுகளாக மின்னும். (1842இல் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி எழுதிய டாப்ளர், அது இப்படி அக்குளிலும் தொடையிடுக்கிலும் வந்து பயன்படும் என்று எண்ணியிருக்க நியாயமில்லை.)

பெர்லினில் கிடைத்த பலன் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆனால் தேர்ந்த ஒருவரின் கையில் சித்தித்தது எல்லோருடைய கையிலும் சித்திக்குமா? பல தேசத்து ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து நடத்திய பெரிய பரிசோதனையொன்றின் கணக்கு 2021இல் வெளியானபோது, காவற்கணுவில் உண்மையாகவே நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேரைக்கூட ஸ்கேன் முன்கூட்டிக் காட்டவில்லை என்று தெரிந்தது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்கைந்து மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்த நோய்த் திட்டையே அது நன்றாகக் காணும், காவற்கணுவில் ஒளிந்திருப்பதோ பல சமயம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே கத்திக்குப் பதில் ஸ்கேன் என்ற வழக்கு அங்கே தோற்றது என்றே என் அபிப்பிராயம்.

தோற்ற வழக்காளி வேறொரு வழக்கில் ஜயித்தது 2017இல். காவற்கணுவில் நோய் இருக்கக் கண்ட 1,900க்கு மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மீதிக் கணுக்களையெல்லாம் அகற்றினார்கள். மற்றவர்களுக்கு அகற்றாமல், முதல் இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்கு ஒரு தரமும், ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தரமும், பின்பு வருஷத்துக்கு ஒரு தரமும் ஸ்கேன் செய்து பார்த்துவந்தார்கள். கணுக்களில் நோய் மறுபடி தலைகாட்டியது பார்த்திருந்த பிரிவில் அதிகம்தான். ஆயினும் மூன்றாண்டு முடிவில் இந்த நோய்க்குப் பலியாகாதவர்கள் இரு பிரிவிலும் நூற்றுக்கு 86 பேர். ஒரு தரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை இல்லாத கருவி, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

மிச்சமானது என்ன என்பதை நம் நாட்டார் எளிதில் அறிவார்கள். கணுக்களை வழித்தெடுத்தால் நிணநீர் வடிய வழியின்றிக் கையோ காலோ வீங்கிவிடுகிறது; யானைக்கால் வியாதியில் நாம் காணும் வீக்கத்துக்கும் நிணநீர் தடைப்படுவதுதான் காரணம். அகற்றிய பிரிவில் இந்த வீக்கம் கண்டவர்கள் நூற்றுக்கு 24 பேர். ஸ்கேனோடு விட்ட பிரிவில் 6 பேர்.

(தொடரும்)