ஒரு வாட் போதும்

விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா தரையேறி நிற்கிறது. சோவியத் நாட்டில் கட்டப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் அது. 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்றது. 2002 முதல் அருங்காட்சியகம். நீளம் 91 மீட்டர். அதை இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, வாழவந்திப் பக்கம் ஏதாவதொரு காபித் தோட்டத்துக் குட்டையில் ரேடியோ கட்டுப்பாட்டில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் 72இல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அப்போது நீளம் 1.27 மீட்டர், அகலம் பத்து சென்டிமீட்டர் சொச்சம். காரின் பின்சீட்டில் குறுக்காகக் கிடத்தலாம். எடை? அசல் கப்பல் மூழ்கும்போது விலக்கும் நீர் ஏறத்தாழ 2,475 டன். நீளம் 72 பங்கு குறைந்தால் கன அளவு 72இன் முப்படி மடங்கு குறையும். ஆறரைக் கிலோதான் மிஞ்சும்.

வேகம் அப்படிக் குறைவதில்லை. மேற்பரப்பில் செல்லும் கப்பல் எழுப்பும் அலை, அசலின் அலையைப் போலவே தோன்ற வேண்டுமானால், வேகத்தை அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் கண்ட விதி இது. 72இன் வர்க்கமூலம் ஏறக்குறைய எட்டரை. குர்சுரா நீருக்கடியில் சுமார் 15 நாட் போகும், அதாவது நொடிக்கு 7.7 மீட்டர். அங்கும் இதே விகிதத்தை வைத்தால் மாதிரிக்கு நொடிக்கு 0.9 மீட்டர் போதும். அதைவிட வேகமாக ஓட்டினால் பொம்மை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்த வேகத்தில் 1.27 மீட்டர் உடலைத் தண்ணீர் எவ்வளவு இழுத்துப் பிடிக்கும்? உடலின் நனையும் பரப்பைக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால் ஒன்று, அல்லது ஒன்றரை நியூட்டன். கையில் 100, 150 கிராம் எடைக்கல்லைப் பிடிக்கும் அளவு. அதை நொடிக்கு 0.9 மீட்டரில் தள்ளத் தேவையான பயனுள்ள திறன் ஒரு வாட்டும் சொச்சமும். புரொப்பெல்லர், கியர், மோட்டார் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கைத் தின்றபின் பேட்டரியிலிருந்து ஐந்து வாட் எடுத்தால் கப்பல் ஓடிவிடும். ஆனால் மாதிரி செய்ய முனைபவர் கடைக்குப் போனதும் முதலில் வாங்குவது ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயக் கார்களுக்கான, ஐம்பது அறுபது வாட்டை அநாயாசமாக விழுங்கும் மோட்டார். ‘பவர் இருந்தால் நல்லதுதானே’ என்ற நினைப்பு. தண்ணீரில் அது எடுபடாது. வேகத்தை இரட்டிப்பாக்கத் திறனை எட்டு மடங்கு கூட்ட வேண்டும். பத்து மடங்கு திறன் கொடுத்தாலும் வேகம் இரண்டே கால் மடங்குக்குமேல் ஏறாது. பேட்டரி மட்டும் பத்து மடங்கு விரைவில் தீரும்.

எனவே வடிவமைப்பை மோட்டாரில் அல்ல, கடைசி முனையில் இருக்கும் புரொப்பெல்லரில்தான் தொடங்க வேண்டும். அது தண்ணீரைப் பின்னால் தள்ளி, அந்த எதிர்விசையில் கப்பலை முன்னே அனுப்புகிறது. கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளினாலும், நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளினாலும் விசை ஒன்றாக இருக்கலாம், செலவு ஒன்றல்ல. பின்னால் பீறிட்டுப் போகும் தண்ணீரோடு போகிற ஆற்றலெல்லாம் நமக்கு நஷ்டம். மேற்சொன்ன ஒன்றரை நியூட்டனை 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைப் புரொப்பெல்லரிடம் கேட்டால், இயற்பியல் அனுமதிக்கும் உச்சப் பயனுறுதிறனே 57 விழுக்காடுதான். விட்டத்தை 6 சென்டிமீட்டராக்கினால் உச்சம் 79க்கு ஏறும். இதழ்களின் உராய்வைக் கழித்தால் இரண்டும் இன்னும் இறங்கும். ஆனாலும் பெரியதே முந்தும்.

அமெரிக்கர்கள் 1953இல் நீரில் இறக்கிய ஆல்பகோர் என்ற சோதனை நீர்மூழ்கி, நீர்த்துளி போன்ற உடலும் வால்முனையில் ஒற்றைப் பெரிய புரொப்பெல்லரும் கொண்டது. பிற்பாடு வந்த பெரும்பாலான நீர்மூழ்கிகள் அந்த வழியில்தான் போயின. குர்சுரா அதற்கு முந்தைய சிந்தனையின் பிள்ளை: மூன்று டீசல் எஞ்சின், மூன்று மின்மோட்டார், மூன்று ஷாஃப்ட், மூன்று புரொப்பெல்லர். மாதிரி செய்பவருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. மூன்றையும் ஓட்டினால் கசியக்கூடிய இடங்கள் மூன்று, உராய்வும் மூன்று பங்கு. நடுவில் உள்ளதை மட்டும் மோட்டாரோடு இணைத்து, பக்கத்து இரண்டையும் தண்ணீரோட்டத்தில் தானாகச் சுழலவிட்டால் வேலை எளிது. என்னைக் கேட்டால் பக்கத்து இரண்டையும் ஓட்டி நடுவைச் சும்மா விடுவேன். காரணம், முறுக்குவிசை.

புரொப்பெல்லர் வலப்பக்கம் சுற்றினால் கப்பலின் உடல் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். பெரிய கப்பலில் இது பொருட்டில்லை. ஆறரைக் கிலோ மாதிரியில் பொருட்டுதான். நீரில் மூழ்கிய உருளையை நிமிர்த்திப் பிடிப்பது, அதன் எடைமையம் மிதப்புமையத்துக்குக் கீழே இருப்பது மட்டுமே. அந்த இடைவெளி பெரும்பாலும் அரை சென்டிமீட்டர்தான் கிடைக்கும். சீராக ஓடும்போது மூன்று நான்கு டிகிரி சாய்வோடு போய்விடும். நின்ற நிலையிலிருந்து திடீரென்று முழு விசை கொடுத்தால் கப்பல் ஒருக்களித்துப் படுத்துவிடும். பெரிய, மெதுவான புரொப்பெல்லரின் விலை இது: அதே திறனுக்கு அதில் முறுக்கு கூடுதல். பக்கத்து இரண்டையும் எதிரெதிராகச் சுழலவிட்டால் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். ஒற்றைப் புரொப்பெல்லர்தான் என்றால் அடிப்பகுதியில் ஈயம் சேர்க்க வேண்டும், வேகக் கட்டுப்பாட்டையும் மெதுவாக ஏறும்படி அமைக்க வேண்டும்.

சரி, எத்தனை சுற்று? 6 சென்டிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 6 சென்டிமீட்டர் முன்னேறும் பிட்ச், அதில் மூன்றில் ஒரு பங்கு வழுக்கல் என்று வைத்தால் நிமிடத்துக்கு 1,350 சுற்று வருகிறது. சாதாரண பிரஷ் மோட்டார் சுமையின்றிப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும். நடுவே ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று கியர் வைத்தே ஆக வேண்டும். பித்தளைக் கியர் இரைச்சல் போடும், நைலான் அமைதியானது. பற்பட்டை போட்டு இழுப்பவர்களும் உண்டு. பிரஷ் இல்லாத மோட்டாரில், ஒரு வோல்ட்டுக்குச் சில நூறு சுற்று மட்டுமே தரும் வகையைத் தேர்ந்தெடுத்தால் கியரே வேண்டாம். அதன் கம்பிச்சுருளுக்கு எபாக்சி பூசித் தண்ணீரிலேயே முழுக்கி ஓட்டவும் செய்யலாம். நீருக்கடி ரோபோக்களில் இன்று பரவலாகப் பார்ப்பது இத்தகைய உந்திகளைத்தான். குர்சுராவுக்கு அது பொருந்தாது. குழாய்க்குள் அடங்கிய தடித்த மோட்டார் வெளியே தெரிந்தால் தோற்றம் கெட்டுவிடும்.

மோட்டாரை உள்ளே நீர்புகா உருளையில் வைத்தால், ஷாஃப்ட் வெளியேறும் துளைதான் தலைவலி. சிக்கனமான ஒரு வாட் காணாமல் போவதும் இங்கேதான். பயந்துபோய் இறுக்கமான ஆயில் சீலை மாட்டுவார்கள். அதன் உராய்வே ஒரு வாட்டைத் தின்றுவிடும். இரண்டு மீட்டர் ஆழத்தில் கூடுதல் அழுத்தம் வளிமண்டலத்தின் ஐந்தில் ஒரு பங்குதான். மென்மையான உதடு கொண்ட சிறு சீல், நன்றாகப் பாலிஷ் செய்த ஸ்டீல் ஷாஃப்ட், கொஞ்சம் கிரீஸ் போதும். ஷாஃப்ட் துளியும் ஆடக் கூடாது என்பதே முக்கியம். லேத் பட்டறையில் புஷ்ஷை நேர்க்கோட்டில் கடைந்து வாங்குவதற்குச் செலவிடும் பணம், விலையுயர்ந்த மோட்டாருக்குச் செலவிடுவதைவிட உருப்படியானது.

மலையேறினால் இந்தச் சீலுக்கு இலவசப் பரிசோதனை ஒன்று நடக்கும். சேலத்தில் மூடிய உருளைக்குள் சமவெளியின் காற்றழுத்தம் இருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் வெளியழுத்தம் அதைவிட ஏறக்குறைய 13 கிலோபாஸ்கல் குறைவு, 1.3 மீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். உருளையைக் குட்டையில் அமிழ்த்தினால் கசியும் இடத்திலிருந்து குமிழ்கள் வரும். வெளித்தண்ணீரைத் தடுக்க வெளிப்பக்கம் பார்த்து மாட்டிய உதட்டுச் சீல், உள்ளிருந்து வரும் காற்றை லேசாக விட்டுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; அந்தக் குமிழைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நன்னீர், கடல்நீரைவிட இரண்டரை விழுக்காடு இலேசானது. சென்னைக் கடலில் மிதப்பைச் சரிசெய்த மாதிரி இங்கே 150 கிராம் கனத்து, அப்படியே அடியில் போய் உட்காரும். உந்துதலுக்கு இதனால் பாதிப்பில்லை. தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் ஒரே அளவு குறைகின்றன. மேற்பரப்பில் ஓடும்போது புரொப்பெல்லர் திடீரென்று உறுமி, இழுவை போய்விட்டால் சிலர் ‘கேவிட்டேஷன்’ என்பார்கள். அசல் கப்பலில் நீராவிக் குமிழ் உருவாகி வெடிக்கும் அந்த நிகழ்வு, நொடிக்கு நான்கு மீட்டர் இதழ்முனை வேகத்தில் வராது. மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் கொஞ்சம் எடை சேர்த்துப் புரொப்பெல்லரை ஆழத்தில் இறக்கினால் தீர்ந்தது.

இனி ரேடியோ. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், கடலுக்கடியிலுள்ள நம் நீர்மூழ்கிகளுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறது. அலைநீளம் 16 கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட அலைதான் உப்புநீரில் பத்துப் பதினைந்து மீட்டராவது இறங்கும். இன்றைய டிரோன் ரிமோட்டுகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோ நன்னீரிலேயே சில சென்டிமீட்டரில் அடங்கிவிடும். பழைய 27, 40 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் நன்னீரில் சில மீட்டர் தாக்குப்பிடிக்கும்; கடலில் ஓரடி தாண்டுவதே கஷ்டம். மலைக்குட்டை இதற்கு வாகான இடம். பிரஷ் மோட்டாரின் தீப்பொறி இந்த அலைவரிசையைக் கலைக்கும் என்பதால் அதன் முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பற்றவைப்பது கட்டாயம்.

அப்படியும் சிக்னல் அறுந்துபோகும். அதற்கென்று வைக்கும் தற்காப்புச் சுற்று பெரும்பாலும் மிதப்புத் தொட்டியிலுள்ள தண்ணீரை வெளியேற்றுவதோடு நின்றுவிடுகிறது. கடைசியாக வந்த கட்டளையிலேயே மோட்டார் ஓடிக்கொண்டு, கப்பலை ஏற்றி இறக்கும் பக்கத் துடுப்புகளும் கீழ்நோக்கியே இருந்தால், இலேசான கப்பலையும் அது ஆழத்திலேயே அமுக்கி வைத்திருக்கும். முதலில் மோட்டார் நிற்க வேண்டும். தொட்டி காலியாவது அதற்குப் பிறகு.