சரிவில் நிற்கும் மண்

2014 அக்டோபர் 29 காலையில், இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயன்களை மண்சரிவு மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மாற்று வீடும் நிலமும் தராமல் 'போய்விடுங்கள்' என்றால் தோட்டத் தொழிலாளி எங்கே போவார்?

மலை ஏன் சரிகிறது? மழைநீர் மண்ணை வழுக்கவைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல் வீட்டை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மணலில் சுவர் எழும்பாது. லேசாக ஈரம் இருந்தால் செங்குத்தாகவே நிற்கும். மணிகளுக்கு நடுவே உள்ள நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மலையின் மேல்மண்ணுக்கும் இந்தப் பிடிப்பு பெரிய துணை. ஆனால் மண்ணின் துளைகளில் நீரோடு காற்றும் இருக்கும்வரைதான் அது. நாள்கணக்கில் மழை பெய்து துளையெல்லாம் நீரால் நிரம்பினால் பிடிப்பு போய்விடும்.

மிச்சமிருக்கும் பலம் உராய்வு. மேல்மண்ணின் எடை துகள்களை நெருக்குவதால் வருவது அது. துளைகளில் நிறைந்த நீரோ அந்த எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. துகள்களின் நெருக்கம் தளர்கிறது, உராய்வும் குறைகிறது. 1920களில் இதை வகுத்துச் சொன்னவர் பொறியாளர் கார்ல் டெர்சாகி. நீர் ஏறிய மண்ணின் கூடுதல் எடை வேறு கீழே இழுக்கும். அடியில் பாறை இருந்தால் நீர் இறங்க வழியின்றி அதன்மேலேயே தேங்கும்.

மேட்டில் விழுந்த நீர் ஊறி வர நேரம் எடுப்பதால், மழை விட்ட பிறகும் மலை சரியலாம். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று அளவு வைத்திருக்கிறது. முன்பே பல நாள் நனைந்த மலைக்கு அதைவிடக் குறைந்த மழையே போதுமானதாகிவிடலாம்.

தோட்டத்து வடிகான்களைத் தூர் எடுத்து வைப்பதும், தாங்குசுவரின் நீர்த்துளைகள் அடையாமல் பார்ப்பதும் மண்ணில் நீர் தேங்காமல் இருக்கத்தான். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, இறுகிப்போன கதவு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அன்றிரவே வெளியேறிவிடுங்கள்.