கூடியது ஐந்துதானே?

வா கண்ணா, வா கண்ணம்மா! சதவீதக் கணக்கு என்றதும் சூத்திரத்தைத் தேடாதே. கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். கொச்சிக்குப் போவோம்.

2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரை 11 நிலையங்கள். அதே ஆண்டு அக்டோபரில் மகாராஜாஸ் கல்லூரி வரை நீண்டது. 5 நிலையங்கள் கூடி 16 ஆயின. 2019 செப்டம்பரில் எர்ணாகுளம் சவுத், கடவந்திரா, எளங்குளம், வைட்டிலா, தைக்கூடம் என மறுபடியும் 5. ஆக 21.

வைட்டிலாவுக்கு மெட்ரோ வந்த அந்தத் தடவை, நிலையங்கள் எத்தனை சதவீதம் கூடின?

கடலைமிட்டாய்ப் பாளம் போல நீளமாக ஒரு பட்டை வரை. அதை 16 கட்டமாகப் பிரி. இதுதான் பழைய பட்டை. அதன் தலையில் 100 என்று எழுது.

முழுப் பட்டை 100 என்றால், பாதியான 8 கட்டம் 50. அதிலும் பாதி, 4 கட்டம், 25. சரிதானே? 4 கட்டத்துக்கு 25 என்றால் ஒரு கட்டத்துக்கு ஆறேகால். புரியாவிட்டால் இன்னொரு முறை விரல் வைத்து எண்ணிப் பார். அவசரமே இல்லை.

இப்போது பட்டையின் வலப்பக்கம் 5 புதுக் கட்டங்களை ஒட்டி வரைந்து வண்ணம் தீட்டு. நாலுக்கு 25, ஒன்றுக்கு ஆறேகால். மொத்தம் 31¼ சதவீதம்!

“அதற்கு முந்தின தடவையும் 5தானே கூடியது? அப்போதும் 31¼தானா?” என்று கேட்கிறாயா? சபாஷ், கெட்டிக்காரக் கேள்வி! அப்போது பழைய பட்டையில் 11 கட்டம்தான். அதே நூறை 11 கட்டம் பங்கு போட்டுக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் 9-க்குச் சற்று மேலே கிடைக்கும். 5 கட்டத்துக்கு 45 சதவீதத்தைத் தாண்டிவிடும். பட்டை சின்னது, பங்கு பெரியது.

பெரியவர்கள்கூடச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 5-ஐப் புது எண்ணான 21-ஆல் வகுத்துவிடுவார்கள். 100 என்று எந்தப் பட்டையின் தலையில் எழுதினோம்? பழையதில்தானே!

2022-இல் நிலையங்கள் 24 ஆயின. 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை முனையமும் சேர்ந்து 25. 24-ஐவிட இது எத்தனை சதவீதம் அதிகம்? நாலுக்கு மேல், நாலரைக்குக் கீழ். சரியான விடையை நீயே பட்டை வரைந்து கண்டுபிடி.