கூலிக்காரன் எழுதிய கடிதம்!
400 ஆண்டுக்கு முந்திய காகிதம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறது

வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனே விலைக்கு வாங்கினான் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். அதற்குச் சாட்சி இருக்கிறது. சாட்சி சொல்லுவது மனிதர்கள் அல்ல. காகிதங்கள்!

அமெரிக்காவில் பல பள்ளிக்கூடங்களில் 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் இந்தக் காகிதங்களைக் கொடுக்கிறார்கள். அசல் அல்ல, நகல்தான். ஆசிரியர் முதலில் கதை சொல்லுவது இல்லை. "நீயே படித்துப் பார். பிறகு கேள்வி கேள்" என்று விட்டுவிடுகிறார்.

என்ன கேள்வி? நான்கே நான்கு கேள்விகள் போதும்.

இதை எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எதற்காக எழுதினார்? இதில் யாருடைய குரல் இல்லை?

இந்த நான்கு கேள்விகளைக் கேட்டால் ஊமைக் காகிதம் பேசத் தொடங்கும். எப்படி என்று பார்க்கலாம்.

புகையிலைக்கு ஆள் தேவை

1607-ம் ஆண்டு ஆங்கிலேயர்கள் அமெரிக்கக் கரையில் ஒரு குடியேற்றம் அமைத்தார்கள். ஊரின் பெயர் ஜேம்ஸ்டவுன். அந்த நாட்டுக்கு வர்ஜீனியா என்று பெயர் வைத்தார்கள். நடத்தியது ஒரு வியாபாரக் கம்பெனி. லண்டனில் இருந்த வர்ஜீனியா கம்பெனி.

சில ஆண்டுகளில் அங்கே புகையிலை பயிரிட்டார்கள். புகையிலை பணமாகக் கொட்டியது. ஆனால் புகையிலைக்கு நிறைய ஆள் வேண்டும். நாற்று நட வேண்டும், களை எடுக்க வேண்டும், புழு பொறுக்க வேண்டும், இலை உலர்த்த வேண்டும்.

ஆளுக்கு எங்கே போவது?

இங்கிலாந்தில் வேலை இல்லாத ஏழைகள் ஏராளம். ஆனால் கப்பல் கட்டணம் கட்ட அவர்களிடம் பணம் இல்லை. "கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். அதற்கு ஈடாக 4 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை நீ எங்களுக்கு உழைக்க வேண்டும்" என்று முதலாளிகள் சொன்னார்கள். சாப்பாடு, துணி, படுக்க இடம் உண்டு. சம்பளம் கிடையாது.

முதலாளிக்கு இதில் இரட்டை லாபம். ஓர் ஆளுக்குக் கப்பல் கட்டணம் கட்டினால் 50 ஏக்கர் நிலம் உண்டு என்று 1618-ம் ஆண்டு கம்பெனி விதி செய்தது. ஆளும் கிடைத்தான், நிலமும் கிடைத்தது!

அமெரிக்க விடுதலைப் போருக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்த வெள்ளையரில் ஏறத்தாழ பாதிப்பேர் இப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களே என்பது வரலாற்று அறிஞர்களின் கணக்கு.

பல் வைத்த பத்திரம்

பிள்ளைகளுக்குக் காட்டும் முதல் காகிதம் ஒப்பந்தப் பத்திரம்.

ஒரே தாளில் ஒரே வாசகத்தை இரண்டு தடவை எழுதுவார்கள். பிறகு நடுவே வெட்டுவார்கள். நேராக வெட்ட மாட்டார்கள். ரம்பப் பல் மாதிரி வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஒரு பாதி முதலாளிக்கு. மறு பாதி கூலிக்கு. நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் உண்மை. பொருந்தாவிட்டால் மோசடி.

இந்த ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் "இண்டெஞ்சர்" என்று பெயர். அந்தப் பெயரே இந்தப் பல் வெட்டிலிருந்து வந்ததுதான்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு பிள்ளைகள் ஒரு தாளை வளைத்து வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளட்டும். "பத்திரம் நியாயமாகத்தானே இருக்கிறது?" என்று முதலில் தோன்றும்.

அப்போது ஆசிரியர் கேட்க வேண்டும்: "கூலிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால்?"

பலருக்குத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்தான் போட்டார்கள். பத்திரத்தை முதலாளி இன்னொருவருக்கு விற்கலாம். பத்திரம் கை மாறினால் ஆளும் கை மாறினான். வாங்கியவன் யார் என்று கூலியை யாரும் கேட்கவில்லை.

அப்பா, அம்மாவுக்கு ஒரு கடிதம்

இரண்டாவது காகிதம் ஒரு கடிதம். எழுதியவன் பெயர் ரிச்சர்டு ஃப்ரெத்தார்ன். இளைஞன். வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற குடியிருப்பில் கம்பெனிக் கூலியாக இருந்தான். 1623-ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கிலாந்தில் இருந்த பெற்றோருக்கு எழுதினான்.

அதில் என்ன இருக்கிறது?

கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும்தான் உணவு என்கிறான். மான் கறியைக் கண்ணால் பார்த்ததும் இல்லையாம். ஒரு காசு ரொட்டியை நான்கு பேர் பங்கு போட வேண்டும். வீட்டில் ஒரு நாளில் சாப்பிட்டதை இங்கே ஒரு வாரத்தில் கூடச் சாப்பிடவில்லை என்று புலம்புகிறான். வாசலில் வந்த பிச்சைக்காரனுக்குத் தன் பெற்றோர் போட்டதுகூட இன்று தனக்குக் கிடைக்கும் ஒரு நாள் படியைவிட அதிகம் என்கிறான்.

தன்னோடு வந்தவர்கள் 20 பேர். அவர்களில் பாதிப்பேர் செத்துப் போனார்கள். ஸ்கர்வி நோய், இரத்த பேதி!

உடுக்கக் கந்தல். ஒரு ஜோடி செருப்பு. ஒரு தொப்பி. இருந்த ஒரு மேலங்கியையும் கூட வேலை செய்தவன் திருடிவிட்டான். அதை விற்றுத்தான் அவன் கப்பலில் மாட்டுக்கறியும் வெண்ணெயும் வாங்கியிருக்க வேண்டும் என்று சந்தேகப்படுகிறான். திருடியவன் சாகும் வரை உண்மையைச் சொல்லவில்லையாம்.

ஜேம்ஸ்டவுனில் ஜாக்சன் என்ற நல்ல மனிதர் ஒருவர் இருந்தார். சரக்கு ஏற்றப் படகில் வந்து, மழையிலும் பனியிலும் படகிலேயே படுத்துக் கிடந்த இந்தப் பையனைக் கண்டு இரங்கினார். படுக்க ஒரு சிறு குடிசை கட்டிக் கொடுத்தார்.

கடைசியில் பெற்றோரைக் கெஞ்சுகிறான். கடனை அடைத்து என்னை மீட்டுவிடுங்கள். முடியாவிட்டால் தெரிந்தவர்களிடம் வசூல் செய்தாவது கொஞ்சம் உணவுப் பொருள் அனுப்புங்கள் என்கிறான்.

அவன் மீண்டானா?

1624-ம் ஆண்டு பிப்ரவரியில் குடியேற்றத்தில் இருப்பவர், இறந்தவர் கணக்கு எடுத்தார்கள். அவன் பெயர் இறந்தவர் பட்டியலில் இருக்கிறது.

படித்து முடித்ததும் பிள்ளைகள் மவுனமாகிவிடுவார்கள். ஆனால் பாடம் கண்ணீரோடு முடியக் கூடாது. நான்காவது கேள்வியைக் கேட்க வேண்டும். இதில் யாருடைய குரல் இல்லை?

கடிதத்தில் எதிரிகளைப் பற்றிய பயம் இருக்கிறது. "நாங்கள் 32 பேர், அவர்கள் வந்தால் 3,000 பேர்" என்ற பொருளில் எழுதுகிறான். யார் அந்த எதிரி? அந்த மண்ணிலேயே பிறந்து வாழ்ந்த பவாட்டன் மக்கள். ஆங்கிலேயர்கள் அவர்களுடைய நிலத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். 1622-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர்கள் திருப்பித் தாக்கினார்கள். 347 ஆங்கிலேயர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவரைப் பிடித்து அடிமையாக்கினோம் என்று ஃப்ரெத்தார்னே எழுதுகிறான்!

தானே கட்டுண்டு கிடப்பவன், இன்னொருவன் அடிமையானதைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறான். அந்த இருவர் எழுதிய கடிதம் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

ஒரே குற்றம், இரண்டு தண்டனை!

மூன்றாவது காகிதம் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு. நீளம் சில வரிகளே. ஆனால் ஒரு புத்தகம் சொல்லுவதைச் சொல்லுகிறது.

1640-ம் ஆண்டு ஒரே முதலாளியிடமிருந்து மூன்று கூலிகள் ஓடினார்கள். ஒருவன் டச்சுக்காரன் விக்டர். ஒருவன் ஸ்காட்லாந்துக்காரன் ஜேம்ஸ் கிரிகரி. மூன்றாமவன் ஜான் பன்ச். அவன் ஆப்பிரிக்கக் கறுப்பன்.

மூவரும் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆளுக்கு 30 சவுக்கடி. இதுவரை சமம்.

பிறகு? வெள்ளையர் இருவரும் முதலாளிக்கு ஓர் ஆண்டும், அதன் பின் அரசாங்கத்துக்கு 3 ஆண்டும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஜான் பன்ச் ஆயுள் உள்ளவரை உழைக்க வேண்டும்!

ஒப்பந்தக் கூலிக்கும் அடிமைக்கும் என்ன வித்தியாசம் என்று பரீட்சையில் கேட்பார்கள். இந்தத் தீர்ப்பைப் படித்த பிள்ளை அதை மறக்காது. கூலிக்கு என்றைக்காவது ஒரு கடைசி நாள் உண்டு. அடிமைக்கு அந்த நாள் இல்லை. தவணை முடிந்த ஆண் கூலிக்கு 10 புஷல் சோளம், அதாவது சுமார் 250 கிலோ, 30 ஷில்லிங் பணம், ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்று 1705-ம் ஆண்டு வர்ஜீனியாச் சட்டம் சொன்னது. அதுவரை உயிரோடு இருந்தால்!

வாஷிங்டன் கொடுத்த விளம்பரம்

நான்காவது காகிதம் பத்திரிகை விளம்பரம். "ஆள் ஓடிவிட்டான், பிடித்துக் கொடுத்தால் பரிசு" என்ற விளம்பரங்கள் அந்தக் காலப் பத்திரிகைகளில் வாராவாரம் வந்தன.

1775-ம் ஆண்டு ஏப்ரலில் வந்த ஒரு விளம்பரம் இது. ஓடியவர்கள் இருவர். ஒருவன் தச்சன் தாமஸ் ஸ்பியர்ஸ். சுமார் 20 வயது. இன்னொருவன் செங்கல் அறுக்கும் வில்லியம் வெப்ஸ்டர். இருவரையும் பிடித்தால் 40 டாலர் பரிசு.

விளம்பரம் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் வாஷிங்டன்! அதே ஏப்ரலில்தான் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. அடுத்த ஜூன் மாதம் அந்தப் படைக்கு அவர் தளபதியானார். பிறகு முதல் ஜனாதிபதியும் ஆனார்.

வாஷிங்டனைத் திட்டுவதற்காக இதைக் காட்டுவது இல்லை. பெரிய மனிதரும் தம் காலத்துப் பழக்கத்தில் ஊறியவரே என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான். இன்னொரு பலனும் உண்டு. ஓடியவனின் உயரம், பேச்சு, சட்டை எல்லாவற்றையும் முதலாளி விவரமாக எழுதினார். பிடிப்பதற்காக எழுதினார். ஆனால் அந்த ஏழையின் உருவத்தை இன்று நமக்குக் காட்டுவது அந்த விளம்பரம்தான்!

சென்னையிலிருந்து ஒரு கப்பல்

இது யாரோ வெள்ளைக்காரர் கதை என்று தமிழ்ப் பிள்ளைகள் நினைக்க வேண்டாம்.

1834-ம் ஆண்டு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் இல்லை. பழைய ஒப்பந்தப் பத்திரம் மறுபடியும் வெளியே வந்தது. இந்தத் தடவை அது இந்தியாவுக்கு வந்தது.

1860-ம் ஆண்டு அக்டோபரில் "ட்ரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் போனார்கள். 1911-ம் ஆண்டு வரை நேட்டாலுக்கு மட்டும் சுமார் 1,52,000 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னை வழியாகப் போனவர்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம். உடம்பில் என்ன அடையாளம் என்பதும் உண்டு. மச்சமும் தழும்பும்! அந்தப் பட்டியல்கள் இன்றும் டர்பன் நகரில் இருக்கின்றன. ஆளை எண்ணுவதற்காக எழுதிய பட்டியலில், பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் பூர்வீகக் கிராமத்தின் பெயரைத் தேடுகிறார்கள்.

வீட்டிலும் செய்யலாம்

வர்ஜீனியாக் காகிதம் கிடைத்தால்தான் இப்படிப் படிக்கலாம் என்பது இல்லை. தாத்தா காலத்துக் கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு, மலாயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வந்த கடிதம் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பிள்ளைகளோடு உட்காருங்கள்.

அந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்துப் போட்டாரா, பிறர் சொன்னதை நம்பிப் போட்டாரா என்றும் கேளுங்கள். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். பாட்டிக்கு அந்த விவகாரம் தெரிந்திருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். காகிதத்தில் இல்லாத குரல் அவரிடம் இருக்கலாம்.

இப்படிப் பழகிய பிள்ளை நாளைக்கு வளர்ந்து வேலைக்குப் போகும். அங்கே ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அது முழுவதையும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கும்.