உஷார்! ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல், பால்பல் அல்ல!

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு வட்டாரப் பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு ஆறேழு வயதா? இன்றே வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு தெரிகிறதா? ஓரம் உதிர்கிறதா? குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா? "பால்பல்தானே, விழுந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கும் இது, ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்!

இந்தத் திட்டு, பல்லின் மேலுறையான எனாமலில் தாதுச்சத்து சரியாக ஏறாததால் வரலாம். இந்தக் கோளாறுக்கு மருத்துவர்கள் 2001-ல் வைத்த பெயர் எம்.ஐ.எச். சென்னையில் 8 முதல் 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், 9.7 சதவீதம் பேருக்கு இது இருந்தது.

பெரிய ஆபத்து சிகிச்சை நாற்காலியில் இருக்கிறது. வலுக்குறைந்த எனாமல் வழியே சூடும் குளிர்ச்சியும் பல் நரம்பை நெடுநாள் உறுத்தியிருப்பதால், மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். பிள்ளை அலறினால் அது அடம் அல்ல, நிஜமான வலி. கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள்! அந்தப் பயம் பிள்ளையைப் பல் மருத்துவரிடமே வரவிடாமல் செய்துவிடும்.

பல் கூச்சம் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில வாரம் முன்பே ஃப்ளூரைடு வார்னிஷ் பூசலாமா, பல் மருத்துவச் சிமென்ட்டால் பல்லைத் தற்காலிகமாக மூடலாமா, வலி மாத்திரையை முன்கூட்டியே எடையைப் பார்த்துத் தர வேண்டுமா என்று கேளுங்கள். ஊசிக்கு முன் ஈறில் மரப்பு ஜெல் தடவச் சொல்லுங்கள். நன்றாக மரத்த பிறகே வேலை தொடங்கட்டும். வலித்தால் பிள்ளை கையைத் தூக்கலாம், உடனே நிறுத்த வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும். மருந்துக் கடையில் மரப்பு ஜெல் வாங்கி நீங்களாகத் தடவாதீர்கள். சிகிச்சை முடிந்து மரப்பு தெளியும்வரை சாப்பாடு வேண்டாம். பிள்ளை உணர்வில்லாமல் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்; கூடவே இருந்து கவனியுங்கள்.

வீட்டில் ஃப்ளூரைடு பற்பசை, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பால்கோவாவை நாள் முழுக்கக் கொறிக்க விடாமல், சாப்பாட்டோடு கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தால் கடைவாய்ப்பல்லைக் காட்டச் சொல்லி அனுப்புங்கள். திட்டு தெரிந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தள்ளிப்போடப் போடப் பல் மேலும் உதிரலாம், வலி கூடலாம்!