தானே நிரம்பும் கலம்

மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவை எழுந்து நீர்வழியை அடைக்கிறது. நீர் குறைந்தால் அதுவே தாழ்ந்து வழிதிறக்கிறது. விளைவே திரும்பிவந்து காரணத்தைத் திருத்தும் இப்பின்னூட்டமே தானியங்கிக் கட்டுப்பாட்டின் உயிர்நிலை.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர் மூவரும் 'கிதாபுல் ஹியல்' நூலில் விவரித்த சுமார் 100 கருவிகளுள் பல, மிதவைகளாலும் வால்வுகளாலும் இயங்குபவை. ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறியில் வேகச்சீராக்கியைப் பொருத்திய 1788க்கு ஏறத்தாழ 9 நூற்றாண்டுகள் முந்தியவை அவை.

எனினும், மிதவையை முதலில் கண்டவர் அவர்களல்லர். அலெக்சாந்திரியாவின் கிரேக்கர் அதனை முன்பே அறிந்திருந்தனர். கிரேக்க நூல்களைத் தேடிப்பெற்று, அரபியில் பெயர்க்கச் செய்து, கற்றதை மேலும் வளர்த்ததே அச்சகோதரர்களின் பெருமை. முன்னோர் புகழைப் பேசி அமைதிகொள்ளும் நாம், அவர்தம் கல்வித் தாகத்தையன்றோ மரபுரிமையாகக் கொள்ள வேண்டும்?