பெற்றோலாவிக் கசிவும் அதனைத் தேடும் முறையும்

நிறுத்திவைத்த மோட்டார் வண்டி எத்தொழிலுமின்றி வாளா இருப்பதாகவே காண்போர் கருதுவர். உண்மை அஃதன்று. பெற்றோல் எளிதில் ஆவியாகுந் திரவம். பகலில் வெயிலேறத் தாங்கியிலுள்ள ஆவி விரிந்து வெளியேற வழி தேடும். இரவிலே குளிர்ச்சியாற் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தாங்கியின் இம்மூச்சு நாடோறும் நிகழ்வது. முற்காலத்து வண்டிகளில் இவ்வாவி தடையின்றி வெளியே சென்று காற்றிற் கலந்தது. அதனாற் சிறிது பொருணட்டம் உண்டாகும் என்பதன்றி வேறு தீமை உண்டென எவரும் எண்ணினாரல்லர்.

அவ்வெண்ணம் தவறென்பதை ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அஞ்சலிஸ் நகரம் கற்பித்தது. 1940 களில் அந்நகரைக் கண்ணெரிக்கும் மூட்டமொன்று கவியத் தொடங்கிற்று. தொழிற்சாலைப் புகையே அதற்குக் காரணமெனப் பலர் கூறினர். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிற் என்னும் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகப் பேராசிரியர், அதே முறையால் நகரக் காற்றையும் ஆராய முற்பட்டார். எரியாத பெற்றோலின் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் சூரிய ஒளியிற் சேர்ந்து ஓசோனையும் பிற நச்சுப் பொருள்களையும் தோற்றுவிக்கின்றன என்பதை 1950 களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். ஓடும் வண்டியின் புகைக்குழாய் மட்டுமன்றி நிற்கும் வண்டியின் தாங்கியும் குற்றவாளியாயிற்று. 1970 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து கலிபோர்ணியாவிலும், 1971 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அந்நாடு முழுவதிலும் ஆவியைத் தடுக்கும் அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது.

அவ்வமைப்பின் உயிர்நிலை ஒரு கரிக்கலம். அதனுள் இருப்பது அடுப்புக்கரியன்று. எண்ணிறந்த நுண்டுளைகள் உண்டாகுமாறு பதப்படுத்திய கரி. அதன் ஒரு கிராமிலுள்ள துளைகளின் பரப்பு முழுவதையும் விரித்தாற் பல நூறு சதுர மீற்றராகும். தாங்கியிலிருந்து வரும் ஆவி அப்பரப்பிற் படிந்து நிற்கும். வண்டி ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சற்குழாய்க்கும் கலத்துக்கும் இடையிலுள்ள வால்வு திறக்க, வெளிக்காற்றுக் கலத்தினூடே இழுக்கப்பட்டு, படிந்த ஆவியைக் கொண்டுசென்று எஞ்சினில் எரியச் செய்யும். இவ்வால்வை இழுப்பு வால்வு எனலாம். வெளிக்காற்றைக் கலத்துக்குள் விடுவது மற்றொரு வால்வு. அதனைக் காற்று வால்வு எனலாம். மின்னோட்டம் இல்லாதபோது முன்னது மூடியும் பின்னது திறந்தும் இருக்கும். இவ்வேறுபாட்டை மறந்து நல்ல வால்வைக் கெட்டதென்று கழற்றி எறிந்தோர் பலர்.

1996 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் கணினியுடன் வந்தன. ஆவியமைப்பின் சோதனை அடுத்த சில ஆண்டுகளிற் படிப்படியாகப் புகுத்தப்பட்டது. பெரும்பாலான வண்டிகளில் அச்சோதனை பின்வருமாறு நிகழும்: கணினி காற்று வால்வை மூடி இழுப்பு வால்வைத் திறக்கும், எஞ்சினின் இழுப்பால் தாங்கியில் மெல்லிய வெற்றிடம் உண்டாகும், பின்னர் இழுப்பு வால்வும் மூடப்படும். அவ்வெற்றிடம் நிலைக்கின்றதா என்பதைத் தாங்கியிலுள்ள அமுக்க உணரி நோக்கும். இங்கே கையாளப்படும் அமுக்கம் ஏறக்குறைய ஒரு சாண் உயரமுள்ள நீரின் அமுக்கமே. அவ்வளவு நொய்ய அமுக்கத்தைக் கொண்டு முதலில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையையும், 2000 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அதன் பாதி விட்டமுள்ள துளையையும் கண்டுபிடிக்குமாறு விதிக்கப்பட்டது. விட்டம் பாதியாயின் துளையின் பரப்பு நாலிலொன்றாகும் என்பதை நோக்கின் இவ்விதியின் கடுமை விளங்கும்.

இக்கடுமையே பழைய வண்டிக்காரரின் இடுக்கணுக்கு முதற்காரணம். இருபதாண்டு ஓடிய வண்டியின் றப்பர் வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். வண்டியோ முன்போலவே இனிது ஓடும். எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையாது. அவ்விளக்கு எரியும் வண்டி கலிபோர்ணியாவின் புகைச் சோதனையிலே தேறாது. தேறாத வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தல் அரிது. வேலைக்குச் செல்ல வேறு வழியில்லாத ஏழைத் தொழிலாளிக்கு இஃது ஊதியத்தைத் தொடும் செய்தி. ஆதலின் அவர் முதலில் மூடியை மாற்றுவர், பின் ஒரு வால்வு, பின் கரிக்கலம். ஒவ்வொரு முறையும் விளக்குச் சில நாள் அணைந்து மீண்டும் எரியும். ஊகத்தினாற் பொருள் வாங்குவது திருத்தமன்று, சூதாட்டம்.

தேடுவோன் முதலிற் பார்க்கவேண்டியது கணினி பதிந்துவைத்த குறியிலக்கம். வெற்றிடம் உண்டாகவே இல்லையெனின் பி0455 என்னும் பெருங்கசிவுக் குறி தோன்றும். உண்டாகிப் பின் கரைந்தால் பி0442 என்னும் சிறுகசிவுக் குறி. அதனினும் நுண்ணிதாயின் பி0456. இவை நோயின் பெயரல்ல, நோயின் குணங்குறிகளே. குறி தோன்றிய வேளையில் வெப்பநிலை, வேகம் முதலியன எவ்வாறிருந்தன என்பதையும் கணினி குறித்துவைக்கும். அக்குறிப்பைப் பாராமல் அழித்துவிடுவோர் சாட்சியை அனுப்பிவிட்டு வழக்கை விசாரிப்போரை ஒப்பர்.

அடுத்து, தாங்கியின் மூடி. அதன் றப்பர் வளையம் வெடித்துள்ளதா, வளையம் பொருந்தும் கழுத்தின் விளிம்பு துருவால் அரிக்கப்பட்டுள்ளதா என இரண்டையும் பார்த்தல் வேண்டும். புதிய மூடி வாங்கியும் பயன் காணாதோர் கழுத்தைத் தடவிப் பாராதவரே. பின்னர் இழுப்பு வால்வு: எஞ்சின் மெல்ல ஓடும்போது கலத்தின் பக்கத்துக் குழாயைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்துப் பார்க்க, வால்வு மூடியிருக்கவேண்டிய வேளையிலும் விரல் இழுக்கப்பட்டால் அது சரியாக மூடவில்லை. அத்தகைய வண்டி பெற்றோல் நிரப்பியவுடன் எளிதில் ஓடத்தொடங்காது. இவ்வடையாளம் உரியவனே அறியக்கூடியது. உடைந்த கலத்திலிருந்து வந்த கரித்துகள் வால்வின் வாயிற் சிக்குவதும் உண்டு. பெற்றோற் குழாய் தானே நின்ற பின்னரும் தாங்கி வழிய வழிய நிரப்பும் பழக்கம் கலத்துக்குத் திரவத்தையே ஊட்டிக் கரியைக் கெடுக்கும். சிறு இலாபங் கருதிச் செய்யும் இச்செயலின் விலை பெரிது.

இவற்றாற் புலப்படாத கசிவுக்குப் புகைச்சோதனையே துணை. காற்று வால்வை மூடிவைத்து, எண்ணெயைச் சூடாக்கிப் பெற்ற புகையைச் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தலுக்கு மேற்படாத அமுக்கத்தில் அமைப்பினுட் செலுத்துவர். கசிவுள்ள இடத்திற் புகை நூலிழைபோல எழும். பெற்றோலாவி காற்றோடு கலந்தால் தீப்பற்றுமாதலின், புகையைக் காற்றாற் செலுத்தாது நைதரசனாற் செலுத்துதல் நன்று. கராஜிலுள்ள காற்றழுத்தியை நேரே பொருத்துதல் பெருந்தவறு. அது தாங்கியையும் உணரியையும் கெடுக்கும்.

புகை எங்குந் தோன்றாதாயின் கசிவே இல்லையென முடிவு செய்தலாகாது. இழுப்பு வால்வினூடே எஞ்சினுட் செல்லும் புகை கண்ணுக்குத் தெரியாது. தாங்கியின் உச்சியில், பெற்றோற் பம்பி பொருந்தும் வளையத்தினருகே எழும் புகை வண்டியின் உடலால் மறைக்கப்படும். அன்றியும் கணினி சோதிப்பது வெற்றிடத்தால். புகை செல்வதோ அமுக்கத்தால். அமுக்கத்தால் இறுகி மூடும் ஒரு வால்வு வெற்றிடத்தால் இளகக்கூடும். ஆகவே கருவி கொண்டு வால்வுகளைத் தானே இயக்கி, வெற்றிடம் எவ்வளவு விரைவிற் கரைகின்றது என நோக்குதலும் வேண்டும். இந்நோக்குக்கு முன் உணரியையும் ஐயுறல் வேண்டும்: மூடியைத் திறந்தவிடத்துத் தாங்கியின் அமுக்கம் வெளியமுக்கத்துக்குச் சமமாக வேண்டும், அப்பொழுதும் வேறொன்று காட்டும் உணரி பொய் சொல்கின்றது. கசிவில்லாத வண்டியிற் கசிவைத் தேடி மாதங்கழித்தோர் பலர் இவ்வெளிய சோதனையைச் செய்திலர்.

காற்று வழியில் வேடிக்கையான இடரும் நேர்வதுண்டு. 2011 ஆம் ஆண்டு மஸ்டா நிறுவனம் தனது மஸ்டா 6 கார்களில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. மஞ்சட் சிலந்தி ஒருவகை காற்றுக் குழாயினுள் வலை பின்னி அதனை அடைத்தமையே காரணம். அடைபட்ட தாங்கி உள்ளிழுப்பைத் தாங்காது வெடிக்கக்கூடும் என அஞ்சப்பட்டது.

பழுதை நீக்கிய பின்னரும் பொறுமை வேண்டும். குறியை அழித்தவுடன் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுசெல்வதாற் பயனில்லை. சோதனை இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதையுங் கணினி சொல்லிவிடும். வண்டி பல மணி நேரம் ஆறியிருத்தல், தாங்கி முற்றும் நிறையாதும் வற்றாதும் ஏறக்குறைய 15 முதல் 85 வீதம் வரை இருத்தல், வெயிலுங் குளிரும் மிகையின்றி இருத்தல் ஆகிய யாவும் ஒருங்கு கூடிய காலையிலேயே பல வண்டிகளின் கணினி இச்சோதனையைத் தொடங்கும். கால் தாங்கியிலிருந்து முக்கால் தாங்கி வரை எரிபொருளை வைத்து, இரவு முழுதும் நிறுத்திய வண்டியை அதிகாலையில் எடுத்து நிதானமாக ஓட்டி வருவோர் சில நாளில் விடை பெறுவர்.